கோத்தகிரி மருந்துக் கமிஷன்: மூன்று மடங்கு கேட்க முடியுமா?

கோத்தகிரி டாக்டர் கமிஷனுக்காக உங்கள் அம்மாவை ஒரே மருந்துக்கடையில் வாங்க வைத்தார், நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கேட்கலாமா, வக்கீல் வழக்கு "நிற்காது" என்கிறாரே என்று கேட்டிருந்தீர்கள். மூன்று மடங்கு கேட்க முடியாது. அப்படிக் கேட்க வழி தருவது அமெரிக்காவின் 1863ஆம் ஆண்டு 'ஃபால்ஸ் கிளெய்ம்ஸ்' (பொய்க் கோரிக்கை) சட்டம். மெடிகேர் (அந்த நாட்டு அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) போன்ற அரசுப் பணத்தை ஏமாற்றினால்தான் பாயும். உங்கள் அம்மாவிடம் கோத்தகிரி டாக்டர் "அந்தக் கடையிலேயே வாங்குங்கள்" என்று கட்டாயப்படுத்தியதற்கு, ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கூடுதலாகக் கொடுத்த பணத்தையும் நஷ்டஈட்டையும் கேட்கலாம்.

வக்கீல் "நிற்காது" என்று சொன்னது, நீங்கள் கமிஷனை நிரூபிக்கப் போனதால் இருக்கும். அவர்களுக்குள் கைமாறிய பணத்துக்கு உங்களிடம் தாள் கிடைக்காது. அம்மாவுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதைப் பிடியுங்கள்.

மாத்திரை அட்டையின் பின்பக்கம் அச்சான பேட்ச் எண்ணையும் எம்.ஆர்.பி.யையும் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் தனியாக ஜிஎஸ்டி போட்டிருந்தால் அதுவே நல்ல ஆதாரம். பில்லே தரவில்லையா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவும் முறையற்ற வணிகம்தான். மலையில் வேறு கடை தேடி அலைய முடியாத வயதானவர்களிடம் இப்படிச் செய்வது கொடுமை, விடாதீர்கள்.

ஒன்று: விலை எம்.ஆர்.பி.க்குள் இருந்தால் பண வழக்கு பலவீனம்தான். அப்போது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். நோயாளியை அனுப்பக் கமிஷன் வாங்குவதை மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளின் 6.4ஆம் பிரிவு தடுக்கிறது. பணம் திரும்பாது, ஆனால் டாக்டர் மீது நடவடிக்கை எடுக்கலாம்.

அப்புறம், நுகர்வோர் வழக்குக்குக் கெடு 2 வருடம். முதல் பில்லின் தேதியை இன்றைக்கே பாருங்கள்.