ஒப்புகை இருக்கிறதா? வாசகர் கேள்விகளுக்குச் சட்ட விளக்கம்

பண்ருட்டி வாசகர்: கிராம சபைத் தீர்மானத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லோரும் சம்மதம் தெரிவித்தால் செல்லுமா?

செல்லாது. ஊராட்சியின் வாக்காளர்கள் கூடும் சபைதான் கிராம சபை. தீர்மானம் அங்கே நிறைவேறிப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

முதலியார்பேட்டை வாசகர்: தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நான் அனுப்பிய இரண்டாம் மேல்முறையீட்டைச் சென்னையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பின்னே, வைத்துக்கொள்வார்களா? புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். உங்கள் இரண்டாம் மேல்முறையீடு டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்குரிய 90 நாள் கெடு முடிவதற்குள் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

கடலூர் முதுநகர் வாசகர்: ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து இணையத்தில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினோம். கருத்துக்கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

அந்தக் கையெழுத்துகளை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதை உங்கள் இரண்டு பக்கக் கடிதத்தில் எங்கும் காணோம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இரண்டு வழிகளைத்தான் திறந்து வைத்திருக்கிறது: மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்கும் கூட்டத்தில் நேரில் பேசலாம், அல்லது எழுத்து மூலமாகக் கருத்தை அனுப்பலாம். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் வைக்கப்படும். அதைப் புரட்டாமல் முந்தைய நாள் இரவு வாட்ஸ்அப்பில் கொதிப்பதே நம் வழக்கமாகிவிட்டது. 2020-இல் வந்த வரைவு அறிவிக்கை அந்த 30 நாளை 20 ஆகக் குறைக்கப் பார்த்தபோது ஆவேசமாக எதிர்த்த நாம், கையில் இருக்கும் 30 நாளை என்ன செய்கிறோம்? கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லையென்பதால், பத்துப் பேர் வந்தாலும் அது நடந்ததாகவே கணக்கு. முடிவில் குறிப்பைத் தமிழில் வாசித்து விளக்க வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் தாம் பேசி முடித்ததும் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறவர்களே அதிகம். கடைசிவரை இருந்து, விட்டுப்போனதை அங்கேயே சொல்லித் திருத்தச் செய்யுங்கள். எழுத்தில் கொடுத்தால், மறுபடியும் சொல்கிறேன், ஒப்புகை வாங்குங்கள்.

நெய்வேலி வாசகர்: தகவல் உரிமைச் சட்டத்தில் இனி அதிகாரிகளைப் பற்றி எதுவும் கேட்க முடியாதாமே?

பாதி உண்மை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க இடம் தரும் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியதில், அதற்குள்ளேயே இருந்த பொதுநலன் விலக்கு போய்விட்டது. ஆனால் 8(2) அப்படியே இருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்பது அதன் சாரம். மனுவிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பொதுநலன் எது என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்.

பாகூர் வாசகர்: எங்கள் வார்டு உறுப்பினர் யார்?

1968-க்குப் பிறகு 2006-இல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது; அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்துவிட்டது. மனுவைக் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரிடம் கொடுங்கள், ஒப்புகையோடு.