மறு: 6 வருடப் பழைய ஸ்டவ் எரிபொருளை என்ன செய்வது?

வணக்கம். டொராண்டோ வீட்டு நிலவறையில் பாதி டின் நாப்தா (முகாம் ஸ்டவ்வில் ஊற்றும், பெட்ரோல் போன்ற எரிபொருள்) 6 ஆண்டுகளாகக் கிடக்கிறது, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஊற்றி எரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற ஏறத்தாழ 38 டிகிரி சூடாவது வேண்டும். நாப்தாவுக்கு உறைபனிக் குளிரே போதும்.

வெளியே வைத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர்போல் தெளிந்திருந்தால், நாப்தாவுக்கென்றே செய்த ஸ்டவ்வில், திறந்த வெளியில் எரித்துத் தீர்க்கலாம். மஞ்சளித்திருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ விட்டுவிடுங்கள். பிசின் படிந்து குழாயை அடைத்துவிடும். என் ஸ்டவ் அப்படித்தான் பாழானது, கஞ்சத்தனத்துக்குக் கிடைத்த கூலி!

கெட்டுப்போனதைச் சாக்கடையிலோ புல்லிலோ கொட்டாதீர்கள். மாநகராட்சியின் கழிவு ஒப்படைப்பு நிலையங்களில் வீட்டு அபாயக் கழிவைக் கட்டணமின்றி வாங்கிக்கொள்கிறார்கள். லேபிளுள்ள அதே டின்னில், மூடியை இறுக்கி, வண்டியில் சாயாமல் வைத்துக் கொண்டுபோங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன்: நிலவறையில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருக்கிறதா? நாப்தா ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரமாகவே ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும். இருந்தால் டின்னை இன்றே தோட்டத்துக் கொட்டகைக்கு மாற்றிவிடுங்கள்.