பில் மென்பொருளிலிருந்து ஈமெயில் போகவில்லையா?

கேள்வி: புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்கிறோம். பில் போடும் மென்பொருளில் ஈமெயில் பொத்தானை அழுத்தினால், முன்பெல்லாம் பிடிஎஃப் இணைந்தபடியே அவுட்லுக் திறக்கும். புதுக் கணினி வாங்கிய நாளிலிருந்து ‘டீஃபால்ட் மெயில் நிரல் இல்லை’ என்று வருகிறது. எக்ஸெலிலிருந்து அனுப்பினாலும் அதே கதைதான். ஆனால் பிரவுசரில் ஜிமெயில் நன்றாக வேலை செய்கிறது. பிழை எங்கே?

பதில்: பாதி விடை உங்கள் கேள்வியின் கடைசியிலேயே இருக்கிறது. இந்த மாதிரி பொத்தான்கள் பெரும்பாலும் தாங்களாக ஈமெயில் அனுப்புவதில்லை. பைலைத் தயார்செய்து விண்டோஸிடம் நீட்டும். விண்டோஸ் அதை ‘மாப்பி’ என்ற பழைய ஏற்பாட்டின் வழியாக, கணினியில் நிறுவியிருக்கும் மெயில் நிரலிடம் கொடுக்கும். பிரவுசரில் திறக்கும் ஜிமெயில் ஓர் இணையப் பக்கம்தான்; மாப்பி நீட்டும் பைலை வாங்க அதற்குக் கை இல்லை. எனவே இன்டர்நெட்டையும் மென்பொருள்காரரையும் திட்டுவதற்கு முன், பைல் கை மாறும் இடத்தைப் பாருங்கள்.

புதுக் கணினியில் அவுட்லுக் இருக்கிறதா? இருந்தால் அதே பிடிஎஃப்பை அதில் கையால் இணைத்து உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். போனால் மெயில் கணக்கு சரி, சிக்கல் கை மாறுவதில்தான். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் டீஃபால்ட் ஆப்ஸ் போய் ஈமெயிலுக்கு அவுட்லுக்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பிரவுசர் தெரிந்தால் பிடி கிடைத்துவிட்டது.

ஆனால் எந்த அவுட்லுக் என்பதையும் கவனியுங்கள். புதுக் கணினிகளில் வருவது பெரும்பாலும் ‘புதிய அவுட்லுக்’. பழைய அவுட்லுக்கை உள்ளிருந்தே இயக்கும் வகையில் எழுதப்பட்ட பில் மென்பொருள்கள் இதனோடு வேலை செய்யாது. உங்களிடம் அவுட்லுக்கும் அடங்கிய ஆபீஸ் உரிமம் இருந்தால் பழைய அவுட்லுக்கையே நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸோடு வந்த பழைய ‘மெயில்’ நிரலை நம்ப வேண்டாம். அதற்கான ஆதரவு 2024 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. காசு கொடுக்க விருப்பமில்லை என்றால் ‘தண்டர்பேர்ட்’ என்ற மெயில் நிரல் இலவசம். ஜிமெயில் கணக்கை அதில் சேர்த்து, அதையே டீஃபால்ட் ஆக்கினால் போதும்.

இன்னொரு கோளாறு கண்ணில் படவே படாது. வெள்ளவத்தையில் தெரிந்தவர் ஒருவரின் அலுவலகத்தில் இரண்டு மணித்தியாலம் மண்டையை உடைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது, மெயில் மட்டும் போகவில்லை. கடைசியில் பார்த்தால், பில் மென்பொருளின் ஷார்ட்கட்டில் ‘அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு’ என்பதில் யாரோ டிக் போட்டிருந்தார்கள். அவுட்லுக் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று மாடியிலும் மற்றது தரையிலும் இருந்தால் பேச்சு நடக்காது. டிக்கை எடுத்ததும் அடுத்த பில்லே போனது.

சில மென்பொருள்கள் அவுட்லுக்கைத் தேடாமல், உங்கள் ஜிமெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் கேட்டு நேரே அனுப்பும். அங்கே வழக்கமான பாஸ்வேர்டைப் போட்டால் செல்லாது. தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியை கூகுள் 2022 மே 30 முதல் மூடத் தொடங்கியது. கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள ‘ஆப் பாஸ்வேர்ட்’ ஒன்றை உருவாக்கி அதைக் கொடுங்கள்.

பைலின் அளவு? ஒரு பில்லுக்கு அது பிரச்சினையே இல்லை. துணி மாதிரிகளின் படங்களைக் கட்டுக்கட்டாக அனுப்பும்போதுதான் இடிக்கும். ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. இணைப்பு மெயிலுக்குள் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். எனவே 18 எம்பிக்கு மேல் போனால் கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் லிங்கை அனுப்புவதே நல்லது.

சரி, எல்லாம் முடிந்ததா? அவுட்லுக்கின் அவுட்பாக்ஸை ஒரு தடவை திறந்து பாருங்கள். அவுட்லுக் மூடியிருந்தபோது கொடுத்த மெயில்கள் அங்கே படுத்துக் கிடக்கலாம். மறுபடி மறுபடி அழுத்திய பொத்தான்களின் பிரதிகளும் இருக்கும். வேண்டாதவற்றை அழித்துவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒரே பில் ஐந்து தடவை போய், வாடிக்கையாளர் போன் எடுத்து ‘எதற்குக் காசு கட்டுவது?’ என்று கேட்பார்.