ஜின் ஏன் கசந்தது?

அறுகம்பேயில், உல்லைப் பக்கம், மூன்று அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வளவில் தேசி, மின்சி, கறிவேப்பிலை, கெக்கரி எல்லாம் நிற்கின்றன. தங்கியிருந்த ஒரு சோடி, தாங்கள் கொண்டுவந்த ஜின் போத்தலைத் தந்து, தோட்டத்தில் இருப்பதைப் போட்டுக் குளிர்ச்சியாக ஏதும் செய்து தரச் சொன்னார்கள். எல்லாவற்றையும் பிளெண்டரில் அடித்து வடித்துக் கொடுத்தேன். குளத்துத் தண்ணீர் நிறம், ஒரே கசப்பு. எங்கே பிழைத்தது?"

பிளெண்டரில்தான். வெட்கப்பட வேண்டாம். பாசிக்குடாவில் பார் வேலைக்குப் போன புதிதில் நானும் இதையேதான் செய்தேன். மூத்தவர் ஒரு வாய் வைத்துப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் முழு ஜக்கையும் சிங்கில் ஊற்றினார்.

மின்சியின் வாசனை எண்ணெய் இலையின் மேல்தோலில், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் இருக்கிறது. அந்தப் பைகள் உடைந்தால் போதும். எட்டு இலையை உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் ஒரு தட்டு, அவ்வளவுதான். கையை மூக்கருகே கொண்டுபோனால் தெரியும். அரைத்தால் இலையின் உள்ளே இருக்கும் பச்சையும் புல் வாடையும் கசப்பும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் எவ்வளவு சீனி போட்டாலும் மறையாது.

உங்கள் கசப்புக்கு இன்னும் இரண்டு பேர் பங்காளிகளாக இருக்கலாம். ஒன்று தேசிக்காய். தோலும் உள்ளே உள்ள வெள்ளைச் சதையும் கசப்பானவை. தோலோடு போட்டு அடித்திருந்தால் சந்தேகமே இல்லை. பிழியும்போதுகூடக் கடைசிச் சொட்டு வரை நசுக்காதீர்கள். மற்றது கெக்கரிக்காய். அதன் கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும் சேரும். கச்சான் என்ற வறண்ட அனல்காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீர் குறைந்து வாடிய கொடியில் காய்த்தது இன்னும் மோசம். காம்புப் பக்கம் இரண்டு விரல் அகலம் வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த துண்டைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயை விட்டுவிடுங்கள்.

சரி, இனிச் செய்முறை. ஒரு கிளாஸுக்கு ஜின் 50 மில்லி, தேசிச்சாறு 20 மில்லி, சீனிப்பாணி 20 மில்லி, மெல்லிய கெக்கரித் துண்டு நாலு, தட்டிய மின்சி எட்டு இலை, ஒரு சிட்டிகை உப்பு. பாணிக்குச் சீனியும் சுடுதண்ணீரும் சம அளவு, கரைந்ததும் ஆறவிடுங்கள். தேசியை அன்றன்று பிழியுங்கள், நேற்றையது வேண்டாம். கெக்கரியை மட்டும் மரக்கரண்டிக் காம்பால் சாறு விடும்வரை நசுக்குங்கள். ஷேக்கர் இல்லையா? மூடி இறுக்கமான பெரிய ஜாம் போத்தல் போதும். எல்லாவற்றையும் போட்டு, ஐஸ் நிறைத்து, பத்துப் பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்குங்கள். போத்தலின் வெளிப்பக்கம் வேர்த்து, கை விறைக்கத் தொடங்கினால் சரி. தேத்தண்ணி வடியால் வடித்து, புதிய ஐஸ் நிறைத்த உயரமான கிளாஸில் ஊற்றி, மேலே 80 மில்லி சோடா விடுங்கள். சோடாவைப் போத்தலுக்குள் விட்டுக் குலுக்கிவிடாதீர்கள், மூடி பறக்கும்.

பெரும்பாலான ஜின் 40 சதவீத அளவில் வருவது. 50 மில்லியில் 20 மில்லி சுத்த மதுசாரம் இருக்கிறது. இந்தக் கலவையில் அது நாக்குக்குத் தெரியாது, அதனால் அளந்தே ஊற்றுங்கள்.

கறிவேப்பிலையைக் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பிடித்த பகுதி இது. ஜின்னுக்கு முதல் வாசனை ஜூனிப்பர் காய். பெயரே அந்தக் காயைக் குறிக்கும் ஜெனிவர் என்ற ஒல்லாந்துச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1638இல் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் பிடித்தவர்களும் அதே ஒல்லாந்தர். அவர்களுக்கு நம் நாட்டில் வேண்டியிருந்தது கறுவா. இப்போது நம் நாட்டு ரொக்லண்ட் நிறுவனத்தின் 'கொலம்போ நம்பர் செவன்' ஜின்னில் ஜூனிப்பரோடு கறுவா, இஞ்சி, கறிவேப்பிலை மூன்றும் சேர்கின்றன. அந்தப் போத்தல் கிடைத்தால் மின்சியை விட்டுவிட்டு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலையைத் தட்டிப் போடுங்கள். போத்தலுக்குள் ஏற்கனவே இருக்கும் வாசனையைத்தான் வளவிலிருந்து இன்னும் கொஞ்சம் கூட்டுகிறீர்கள். இரண்டு இலையையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றோடொன்று சண்டை. கறிவேப்பிலை போட்ட நாளில் மின்சிக்கு லீவு.

ஐஸ் விஷயத்தில் நம் கரையோரத்தில் ஒரு தனிச் சிக்கல். கடலுக்கும் வாவிக்கும் கிட்டிய பல கிணறுகளில் தண்ணீர் உவர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. தேத்தண்ணியில் சமாளிக்கலாம், ஜின்னில் முடியாது. வடிகட்டிய குடிதண்ணீரில் உறைய வையுங்கள். மீன் பெட்டிக்கு உடைக்கும் பார் ஐஸைப் பக்கத்திலும் கொண்டுவராதீர்கள். கிளாஸை நிறைத்தே போடுங்கள்: இரண்டே கட்டி போட்டால் சீக்கிரம் கரைந்து பானம் தண்ணீராகிவிடும்.

அழகுக்கு ஒன்று வேண்டுமென்றால் வேலியில் படரும் நீலச் சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பாணி காய்ச்சுங்கள். நீலமாக இருக்கும் பாணி, தேசிச்சாறு பட்டதும் ஊதாவாக மாறும்; விருந்தினர் கட்டாயம் படம் எடுப்பார்கள். ருசியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பூ என்று கண்டதையெல்லாம் கிளாஸில் வைக்காதீர்கள். அலரி, மஞ்சள் அலரி இரண்டும் நஞ்சு, இதழ் உட்பட.

விருந்தினர் கொண்டுவந்த போத்தல் என்றபடியால் இவ்வளவும் சொன்னேன். நீங்களே காசுக்கு விற்பதென்றால் மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கூடாது. 21 வயதுக்குக் கீழே கொடுக்கவும் கூடாது.

கூட்டம் வந்தால் தேசிச்சாறும் பாணியும் நசுக்கிய கெக்கரியும் ஜக்கில் கலந்து குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஜின்னைக் கேட்பவரின் பங்கில் மட்டும் சேருங்கள். குடிக்காதவர்களுக்கு அதே ஜக்கிலிருந்து ஊற்றி, ஒரு தேக்கரண்டி இஞ்சிச்சாறும் கொஞ்சம் கூடுதல் சோடாவும் விடலாம். கச்சான் அனல் அடிக்கும் பின்னேரங்களில் நான் எனக்கென்று கலப்பதும் பெரும்பாலும் அதுதான்.