நண்பர் ஜார்ஜியாவிலிருந்து ஒரு பாட்டில் சபெராவி சிவப்பு ஒயின் கொண்டுவந்திருக்கிறார். இதனுடன் என்ன சாப்பிட்டால் நன்றாக இருக்கும்?

முதலில் லேபிளைப் பாருங்கள். சபெராவி என்பது திராட்சையின் பெயர். அதிலிருந்து இனிப்பே இல்லாத ஒயினும் வரும், இனிப்பு ஒயினும் வரும். 'முகுசானி' என்று இருந்தால் இனிப்பில்லாதது, ஓக் பீப்பாயில் வைத்திருந்து எடுத்தது. 'கிண்ட்ஸ்மராவுலி' என்றால் பெரும்பாலும் அரை இனிப்பு. நொதித்து முடியும் முன்பே குளிரவைத்து நிறுத்திவிடுவார்கள், அதனால் பழத்தின் சர்க்கரை கொஞ்சம் மிஞ்சும். இரண்டுக்கும் ஒரே சாப்பாடு ஒத்துவராது.

நான் ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அங்கே முதல்முறை சபெராவி குடித்தபோது நாவல் பழம்தான் ஞாபகம் வந்தது. அதே புளிப்பு, நாக்கைப் பிடிக்கும் அதே துவர்ப்பு, அதே ஊதாக் கறை. சபெராவி என்ற சொல்லுக்கே 'சாயம்' என்றுதான் பொருள். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளில் தோலில்தான் நிறம் இருக்கும், சதை வெளுப்பாக இருக்கும். இதில் சதையும் சிவப்பு.

இந்தத் திராட்சையின் சொந்த ஊர் நாட்டின் கிழக்கே உள்ள ககேத்தி. வீட்டுக்கார அம்மாவின் கிராமம் அங்கே தெலாவி பக்கம். ஓர் அக்டோபர் மாதம் திராட்சை அறுவடைக்கு என்னையும் கூட்டிப்போனார். மாலையில் அவருடைய மகன் காய்ந்த திராட்சைக் கொடிகளை எரித்துத் தணலாக்கினார். பன்றி இறைச்சியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, உப்பு மட்டும் போட்டு, கம்பியில் கோத்துச் சுட்டார். சுட்டதும் ஒரு பாத்திரத்தில் போட்டு, மேலே பச்சை வெங்காயத்தை வட்ட வட்டமாக நறுக்கித் தூவி, மாதுளைச் சாற்றைப் பிழிந்து குலுக்கினார். அதற்கு ம்த்ஸ்வாதி என்று பெயர். கொழுப்பு ஒட்டிய ஒரு துண்டு, பிறகு ஒரு வாய் சபெராவி. தனியாகக் குடிக்கும்போது முரடாக இருந்த ஒயின் அங்கே எவ்வளவு மென்மையாகிவிட்டது! கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கிவிடும். ஒயினின் புளிப்பு வாயில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடும். அடுத்த துண்டும் முதல் துண்டு மாதிரியே ருசிக்கும்.

அன்று நாங்கள் குடித்த ஒயின் க்வெவ்ரியில் ஊறியது. கழுத்து வரை மண்ணில் புதைத்த பெரிய மண் தாழி அது, உள்ளே தேன்மெழுகு பூசியிருப்பார்கள். இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் அங்கே குறைவில்லை. கத்தரிக்காயை நீளவாக்கில் சீவி வதக்கி, பூண்டு சேர்த்து அரைத்த வால்நட் விழுதை உள்ளே வைத்துச் சுருட்டுவார்கள். என் கணக்கில் ம்த்ஸ்வாதிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வால்நட்டின் எண்ணெயும் இலேசான கசப்பும் இந்த ஒயினோடு அப்படிச் சேரும். மண்சட்டியில் வேகவைத்த சிவப்பு பீன்ஸ், லோபியோ, அதுவும் நல்லது. கின்காலி கொழுக்கட்டைக்கு மட்டும் அங்குள்ளவர்கள் பியர்தான் கேட்பார்கள்.

சரி, நம் வீட்டுச் சமையல்? ஒருமுறை நானே காரமான சிக்கன் சுக்கா செய்து முகுசானியோடு சாப்பிட்டேன். வாய் எரிந்தது, ஒயினில் கசப்பு மட்டுமே தெரிந்தது. மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் கூட்டிவிடும். அதனால் மிளகாயைக் குறைத்து, மிளகும் சீரகமும் போட்டு, கொழுப்போடு மட்டன் வறுவல் செய்யுங்கள். தணலில் சுட்ட ஆட்டு விலாவும் பொருந்தும். சைவம் என்றால் சுட்ட கத்தரிக்காயை மசித்து, பூண்டும் வால்நட்டும் அரைத்துக் கலந்துவிடுங்கள், ஏறக்குறைய அந்தச் சுவை வந்துவிடும். மீன் குழம்பு வேண்டாம்.

உங்களிடம் இருப்பது கிண்ட்ஸ்மராவுலி என்றால் காரம் கொஞ்சம் இருந்தாலும் தாங்கும். அப்புறம் சாப்பாடு முடிந்ததும் வால்நட், உலர்ந்த அத்தி, உப்பான சீஸ் இவற்றோடு மெதுவாகக் குடிக்கலாம்.

நம் ஊர் வெயிலில் இனிப்பில்லாத சபெராவியையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். கிண்ட்ஸ்மராவுலியை இன்னும் நன்றாகக் குளிரவைக்க வேண்டும். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், அந்தக் கறை போகாது.