காந்தப் பரிவுத் திருசியம் வந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்குப் பயாப்ஸி தேவைப்படாதா?

தேவைப்படும். குடலிலிருந்து சிறு திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பதுதான் பயாப்ஸி. மலத்தில் இரத்தம் கண்டும் அம்மா கொலனோஸ்கோபிக்கு, அதாவது குடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு, பயந்து நாள் கடத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். காந்தப் பரிவுத் திருசியத்தால் புற்றுநோயை இனங்காணலாம் என்று நீங்கள் படித்த ஆய்வுகள் வெட்டி எடுத்த திசுவில் நடந்தவை. குடலிலிருந்து துணுக்கு வராமல் அந்தக் கருவிக்கும் வேலை இல்லை.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் அப்பாவின் குடலில் எடுத்த, அரிசிமணியளவுகூட இல்லாத துணுக்குகளைப் திசு கெடாமல் காக்கும் போமலின் திரவப் போத்தலில் வைத்து வார்டிலிருந்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனவன் நான். அறிக்கை வரும்வரை இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் உறுப்பின் படத்தைத் தரும். திருசியம், அதாவது நிறமாலை, அதே காந்தப் பரிவைக் (காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் வானொலி அலைக்கு இசைவதைக்) கொண்டு திசுவில் எந்தச் சேர்வை எவ்வளவு உள்ளது என்று காட்டும். வேகமாகப் பெருகும் கலங்கள் ஓயாமல் புதிய மென்சவ்வு கட்டுவதால் அதற்கு வேண்டிய கோலின் சேர்வைகளைக் காட்டும் உச்சி நிறமாலையில் உயர்கிறது. ஒட்சிசன் இருக்கும்போதே குளுக்கோசை இலற்றேற்றாக, அதாவது இலற்றிக்கமில வடிவாக, மாற்றும் பழக்கமும் புற்றுக்கலங்களுக்கு உண்டு. ஜேர்மன் உயிரிரசாயனவியலாளர் ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே கண்டது இது. தோரின் என்ற அமினோ அமிலச் சேர்வையும் கூடுகிறது. திசு திரவமல்ல என்பதால் உச்சிகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்காகத் துணுக்கைக் காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்வில், செக்கனுக்கு ஆயிரக்கணக்கான முறை சுழற்றுகிறார்கள். கோடுகள் கூர்மையாகிவிடும், அதே துணுக்கைப் பிறகு நுணுக்குக்காட்டிக்கும் அனுப்பலாம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஆனால் எடுத்தவுடன் திரவ நைதரசனில் உறையவைக்க வேண்டும். தாமதித்தால் கலங்கள் தொடர்ந்து இலற்றேற்றைப் பெருக்கி அளவைக் குழப்பும். போமலினில் இட்டால் சிறு மூலக்கூறுகள் கரைந்து வெளியேறும். அப்பாவின் போத்தல் இதற்கு உதவியிராது. குடலுக்குள் நேரடியாக அளப்பது இன்னும் கடினம். குடல் அசையும், உள்ளிருக்கும் வாயு காந்தப்புலத்தைச் சீர்குலைக்கும். ஆகவே இன்றும் நோயை உறுதிசெய்வது நோயியல் வைத்தியர் நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான்.

அப்பாவுக்கு இரத்தம் போனபோது மூலவியாதி என்று எண்ணி எட்டு மாதம் கைமருந்து கொடுத்தோம். அந்த எட்டு மாதங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. தயவுசெய்து காத்திருக்க வேண்டாம்.

குடலின் உட்சுவரில் துணுக்குக் கிள்ளுவது பொதுவாக வலிக்காது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முதல்நாள் குடலைச் சுத்தமாக்கக் குடிக்கும் மருந்துதான் பாடுபடுத்தும். அந்த இரவு அவர் பக்கத்தில் இருங்கள்.