மெல்பர்ன் கோப்பைக்கு என்ன உடுத்துவது? கேளுங்கள், சொல்கிறேன்

நவம்பர் முதல் செவ்வாய், அதாவது மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தய நாள், நெருங்கிவிட்டது, "என்ன போடுவது" என்ற கேள்விகளும் வர ஆரம்பித்துவிட்டன. தொப்பியும் தலை அலங்காரமும் செய்வதுதான் என் வேலை, பந்தயம் நடக்கும் ஃபிளெமிங்டன் மைதானத்துக்குத் தொடர்ந்து போகிறவளும்கூட. அதனால் எல்லாருக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

அக்கா, முதல் தடவை போகிறேன், சாதாரண பொது நுழைவுச் சீட்டுதான். தலையில் ஏதாவது வைத்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் வைத்துக்கொண்டு போங்கள். அங்கே வருகிற பெண்களில் பெரும்பாலானோர் தொப்பியோ, ஃபாசினேட்டர் என்கிற இறகும் வலையும் வைத்த சின்னத் தலை அலங்காரமோ வைத்திருப்பார்கள், வெறும் தலையோடு நின்றால் உங்களுக்கே ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். 1965-இல், கோப்பைக்கு முந்தின சனிக்கிழமையான டெர்பி நாளில், ஆங்கிலேய மாடல் ஜீன் ஷ்ரிம்ப்டன் முழங்காலுக்கு மேல் ஏறிய வெள்ளைக் கவுனில், தொப்பி, கையுறை, காலுறை எதுவும் இல்லாமல் வந்தார், ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. இப்போது அந்தக் கெடுபிடி இல்லை, தலை அலங்காரம் மட்டும் நிலைத்துவிட்டது. உங்கள் சீட்டு பந்தயக் கழக உறுப்பினர் பகுதிக்கானது என்றால் மட்டும் விதிகளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஆண்கள் கோட்டு, டை, தோல் ஷூ என்று போனால் வாசலில் பிரச்சினை வராது.

கோப்பையை ஒட்டிய பந்தய நாட்கள் நாலுக்கும் நாலு நிறம் என்கிறார்களே, உண்மையா?

விதி இல்லை, வழக்கம். சனிக்கிழமை டெர்பி நாள், கறுப்பு வெள்ளை, சட்டையில் செருக நீலக் கார்ன்ஃபிளவர் பூ. செவ்வாய் கோப்பை நாள், அன்றைக்கு எந்த நிறமும் போடலாம், எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் நல்லதுதான், பூ மஞ்சள் ரோஜா. வியாழன் ஓக்ஸ் நாள், இளம் நிறங்கள், பூப்போட்ட துணி, இளஞ்சிவப்பு ரோஜா. கடைசிச் சனிக்கிழமை குடும்பங்கள் பிள்ளைகளோடு வரும் நாள், சிவப்பு ரோஜா, அன்றைக்கு யாரும் ரொம்ப மெனக்கெடுவதில்லை. இந்த நாலில் டெர்பி நாள்தான் எனக்குப் பிடித்தது. எல்லாரும் இரண்டே நிறத்தில் வருவதால் தையலும் வெட்டும்தான் கண்ணில் படும், மலிவான துணியைக்கூட நன்றாகத் தைத்தால் எடுத்துக் காட்டும் நாள் அது.

டெர்பி நாளுக்குப் போகிறேன். முழுக்கக் கறுப்பு உடுத்தினால் மாமியார் முகம் சுளிப்பார், முழு வெள்ளைக்கும் அப்படியே!

இரண்டையும் கலந்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பருத்திப் புடவை இதற்கென்றே நெய்த மாதிரி இருக்கும். கவுன் என்றால் வெள்ளை உடலில் கறுப்பு பெல்ட், கறுப்புக் கைப்பை, தலைக்குக் கறுப்பு ரிப்பன். குங்குமம் வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு நிறத்துக்கு நடுவே அழகாகத் தெரியும், மாமியாருக்கும் நிம்மதி.

கோப்பை நாளில் பட்டுப் புடவை கட்டினால் அதிகமாகத் தெரியுமா?

தெரியாது. தலையில் இறகும் வலையும் அடுக்கிய கூட்டத்துக்கு நடுவே காஞ்சிபுரம் ஒன்றும் அதிகமில்லை. என் கவலை பட்டைப் பற்றித்தான். மெல்பர்னில் காலையில் வெயில், மதியம் மழை, சாயங்காலம் குளிர்காற்று, மூன்றும் ஒரே நாளில் வரும். தண்ணீர் பட்டால் பட்டில் கறை தங்கும், ஈரப்புல்லில் கரை இழுபடும். அதனால் கல்யாணப் பட்டை வீட்டில் வைத்துவிட்டு, பட்டும் பருத்தியும் கலந்த புடவையை வழக்கத்தைவிட இரண்டு விரல் ஏற்றிக் கட்டுங்கள். முந்தானையை மடித்து ஊக்குக் குத்துங்கள், காற்றில் பறந்தால் பக்கத்தில் இருப்பவர் கிளாசில் போய் விழும். புடவைக்கு ஃபாசினேட்டர் எனக்கு ஒட்டவில்லை. கொண்டை போட்டு மஞ்சள் ரோஜா வையுங்கள், அது அன்றைய பூவும் ஆயிற்று, நம் வழக்கமும் ஆயிற்று.

ஃபாசினேட்டர் என் தலையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. எண்ணெய் வைத்த முடி, அடர்த்தி வேறு.

முந்தின நாள் தலை குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் விடுங்கள். வைக்கப்போகிற இடத்தில் கொஞ்சம் முடியை எடுத்து, சீப்பால் வேரை நோக்கிப் பின்பக்கமாக வாரிச் சிக்கலாக்குங்கள். அதன் மேல் இரண்டு ஹேர்பின்களைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கே செருகி, அந்தப் பின்னில் ஃபாசினேட்டரின் பல் மாட்டும்படி குத்துங்கள். எலாஸ்டிக் வைத்தது என்றால் அதைத் தாடைக்குக் கீழே போடக் கூடாது, காதுக்குப் பின்னால் இறக்கிப் பின்கழுத்து முடிக்கு அடியில் மறைக்க வேண்டும். வெள்ளை எலாஸ்டிக்காக இருந்தால் கறுப்பாக மாற்றித் தைத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. நெற்றிக்கு நேராக இல்லாமல் ஒருபக்கம், புருவத்தின் வளைவுக்கு மேலே சாய்த்து வையுங்கள்.

அக்கா, ஆண்களுக்கும் சொல்லுங்கள். கறுப்பு கோட் ஒன்றுதான் இருக்கிறது.

டெர்பி நாளுக்கு அது போதும், தம்பி. கோப்பை நாளுக்கு நேவி நீலமோ இளஞ்சாம்பலோ வாடகைக்கு எடுங்கள். ரோஜா இடது பக்கக் காலரில், டை நிறம் அதோடு ஒத்துப்போக வேண்டும். பனாமா தொப்பி போட்டால் கூடத்துக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள்.

செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. வின்னிஸ், சால்வோஸ் மாதிரிப் பழைய துணிக்கடைகளில் ஒரே தடவை போட்ட கவுன்கள் கிடைக்கும். மிச்சப்படுத்திய காசில் இடுப்பையும் தோளையும் தையற்காரரிடம் சரிசெய்து வாங்குங்கள். அளவாகப் பொருந்தினால் விலை யாருக்கும் தெரியாது.

ஜூனில் இங்கிலாந்தில் ராயல் அஸ்காட் குதிரைப் பந்தயத்துக்குப் போகிறோம். மெல்பர்னில் போட்டதே போதுமா?

அங்கே ராயல் என்க்ளோஷர் என்கிற தனிப் பகுதிக்கு என்றால் போதாது. அதற்குள் ஃபாசினேட்டர் செல்லாது, தலையில் வைப்பதற்குக் குறைந்தது 10 செ.மீ. அகலத்தில் திடமான அடிப்பாகம் இருக்க வேண்டும். கவுன் முழங்காலுக்குச் சற்று மேல் வரைதான் ஏறலாம், தோள்பட்டி ஓர் அங்குல அகலமாவது இருக்க வேண்டும். ஆண்களுக்கு வால் வைத்த மார்னிங் கோட்டும் உயரத் தொப்பியும். வெளிநாட்டவர் தங்கள் நாட்டு முறைப்படி உடுத்தலாம் என்பதால் புடவைக்குத் தடையில்லை. இடுப்பு தெரியக் கூடாது என்று ஒரு விதி இருப்பதால் ரவிக்கையை நீளமாகத் தையுங்கள்.

ஹீல்ஸ் போடலாமா?

ஊசி ஹீல்ஸ் வேண்டாம். ஃபிளெமிங்டனில் பாதி நேரம் புல்லில்தான் நிற்பீர்கள், ஒவ்வொரு அடிக்கும் குதி மண்ணுக்குள் இறங்கும், அதைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தால் மதியத்துக்குள் கணுக்கால் போய்விடும். கட்டை ஹீல் அல்லது வெட்ஜ் போடுங்கள், புதுசாக இருந்தால் ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டுப் பழகுங்கள். கோப்பைப் பந்தயமே பிற்பகல் மூன்று மணிக்குத்தான், அதற்குப் பிறகு ரயிலுக்கு வேறு கூட்டத்தோடு நிற்க வேண்டும். கைப்பையில் மடிக்கிற தட்டைச் செருப்பு, பிளாஸ்டிக் மழைக்கோட்டு, சன்ஸ்கிரீன் மூன்றும் இருக்கட்டும்.